ஹைட்ரஜன் வரியைக் காணோமா? 1420 மெகாஹெர்ட்ஸ் குறுக்கீட்டை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

ஒரு மீட்டர் டிஷ், ஒரு எல்என்ஏ (மிகக் குறைந்த இரைச்சலோடு சிக்னலைப் பெருக்கும் கருவி), ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் (லேப்டாப்பில் செருகும் மலிவான யுஎஸ்பி ரிசீவர், சுருக்கமாக எஸ்டிஆர்), ஒரு லேப்டாப். பால்வீதியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் 1420.406 மெகாஹெர்ட்ஸில் வெளியிடும் ரேடியோ அலையை, அதாவது ஹைட்ரஜன் வரியைப் பார்க்க இவ்வளவு போதும். ஆனால் கட்டி முடித்த முதல் நாள் திரையில் வருவது பெரும்பாலும் ரௌட்டர், சார்ஜர், எல்இடி பல்பு, பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து போடும் சத்தம்தான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தெடுப்பதற்கான வழிமுறை இது. உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடிப்படைச் சோதனைகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள். அதைத் தாண்டியவர்கள்தான் வாரக்கணக்கில் தவறான ஆளைத் துரத்துகிறார்கள்.

சட்டத்துக்கு உட்பட்ட கருவி எப்படித் தொல்லை தருகிறது

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுக்க எந்த ஒலிபரப்பும் கூடாது. சர்வதேச ரேடியோ விதிகளின் 5.340 குறிப்பு அப்படித்தான் சொல்கிறது. வைஃபை, ப்ளூடூத், 433, 866 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் எல்லாம் உரிமம் வேண்டாத வேறு பட்டைகளில் இயங்குபவை. அப்படியிருந்தும் 1420இல் அவை தெரிவதற்கு இரண்டே வழிகள். ஒன்று, அவற்றின் கசிவு நிஜமாகவே 1420இல் விழுகிறது. இன்னொன்று, அவை தங்கள் பட்டையில் ஒழுங்காக இருக்க, உங்கள் ரிசீவர்தான் அந்த வலுவைத் தாங்காமல் குழம்புகிறது. இந்த இரண்டில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கசிவின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் பகுதி 15 விதிப்படி, 960 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு கருவியின் கசிவு 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட் வரை இருக்கலாம். 1300–1427 மெகாஹெர்ட்ஸ் அங்கே தடைசெய்யப்பட்ட பட்டைதான். தடை என்பது வேண்டுமென்றே அனுப்புவதற்கு. கசிவுக்கு இந்த வரம்பு பொருந்தும். இது 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் 75 நானோவாட். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் தடையில்லாத பாதையில் 1 கிலோமீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 6 லட்சம் ஜான்ஸ்கி (வானத்து ரேடியோ மூலங்களின் வலுவை அளக்கும் அலகு). அமைதியான சூரியன் இந்த அலைவரிசையில் தருவது ஏறக்குறைய 5 லட்சம் ஜான்ஸ்கி. வானத்தில் சூரியனை விட்டால் மிகப் பிரகாசமான மூலங்களில் ஒன்றான சிக்னஸ்-ஏ, 1,600 ஜான்ஸ்கிக்குப் பக்கத்தில்தான். 1420 வரிக்கான சர்வதேசத் தாங்கு வரம்பு (ஆர்ஏ.769 பரிந்துரை) சுமார் 126 ஜான்ஸ்கி. வரம்பின் உச்சியில் கசியும் ஒரே ஒரு கருவி அதற்குக் கீழே இறங்க 69 கிலோமீட்டர் வெட்டவெளி வேண்டும். மலை, கட்டடம், மண் மேடு எல்லாம் குறுக்கே நிற்பதால்தான் ரேடியோ வானியல் இன்னும் நடக்கிறது.

ஆகவே "அது சான்றிதழ் பெற்ற கருவி, அதனால் அது இல்லை" என்று யாரையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

1. எல்என்ஏவின் உள்வாயிலிலிருந்து ஃபீடை (டிஷ்ஷின் குவியத்தில் அலையைப் பிடிக்கும் ஆன்டெனா) கழற்றி, அதற்குப் பதிலாக 50 ஓம் டெர்மினேட்டரை (மின்தடை வைத்த மூடி) போடுங்கள். தொல்லை அப்படியே இருந்தால் அது ஆன்டெனா வழியாக வரவில்லை. யுஎஸ்பி கேபிள், அடாப்டர், லேப்டாப் இவற்றில் ஒன்று வழியாக நுழைகிறது. காணாமல் போனால் வெளியிலிருந்து வருகிறது.

2. எஸ்டிஆரின் மைய அலைவரிசையை 300 கிலோஹெர்ட்ஸ் நகர்த்துங்கள். உண்மையான சிக்னல் தன் அலைவரிசையிலேயே நிற்கும். மையத்தோடு கூடவே நகர்ந்தால் எஸ்டிஆரின் சொந்தச் சரக்கு. எதிர்ப்பக்கமாக ஓடினால் அது ஒரு பிம்பம். வேறெங்கோ இருக்கும் வலுவான சிக்னலின் நிழல்.

3. டிஷ்ஷைத் தரையை நோக்கித் திருப்பி அளவெடுங்கள். பிறகு பால்வீதி இல்லாத வானத்தை நோக்கித் திருப்பி எடுங்கள். ஒழுங்கான அமைப்பில் தரை 3 முதல் 5 டெசிபல் கூடுதலாகத் தெரியும். 2 டெசிபல்கூட வரவில்லையென்றால் குறுக்கீட்டைத் தேடுவதை நிறுத்துங்கள். ஃபீடுக்கும் எல்என்ஏவுக்கும் இடையில் இழப்பு இருக்கிறது, இல்லையென்றால் எல்என்ஏ ஏற்கெனவே நிரம்பிப்போய் நிற்கிறது.

4. தானியங்கி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) அணைத்துவிட்டு, கெயினைக் கையால் வையுங்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் வெறும் 8 பிட். மாதிரிகளின் சராசரி வீச்சு 127க்கு 15–30 என்ற அளவில் இருந்தால் நல்லது. 60க்கு மேலே போனால் சிக்னலின் உச்சிகள் அவ்வப்போது வெட்டுப்படும். வெட்டுப்பட்ட தரவை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அறிகுறி: ஊசி போல ஒல்லியான வரிகள், இடம் மாறாமல் நிற்கின்றன

இவை மின்னணுக் கருவிகளுக்குத் தாளம் கொடுக்கும் கடிகாரப் படிகங்களின் ஹார்மோனிக்குகள் (படிகத்தின் அலைவரிசையின் முழு எண் மடங்குகள்). ஹைட்ரஜன் ஒருபோதும் இவ்வளவு ஒல்லியாக இருக்காது. 1 கிலோமீட்டர்/விநாடி வேகம் 4.74 கிலோஹெர்ட்ஸுக்குச் சமம். சிறிய டிஷ்ஷின் அகன்ற பார்வையில் ஹைட்ரஜன் பல பத்து கிலோமீட்டர்/விநாடி அகலத்துக்குப் பரவியிருக்கும். எனவே 5 கிலோஹெர்ட்ஸைவிட ஒல்லியான எதுவும் வானத்திலிருந்து வரவில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு கால்குலேட்டர் போதும். ஊசியின் அலைவரிசையைப் பொதுவான படிக மதிப்புகளால் வகுத்து, முழு எண் வருகிறதா என்று பாருங்கள். 1420.000இல் ஊசி என்றால் 10 மெகாஹெர்ட்ஸின் 142ஆவது ஹார்மோனிக், 20இன் 71ஆவது, அல்லது 4இன் 355ஆவது. ஜிபிஎஸ் வழியே பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைத் துல்லியத்துக்காக வாங்கிப் பக்கத்தில் வைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 1420.8 என்றால் 19.2 மெகாஹெர்ட்ஸின் 74ஆவது. ராஸ்பெரி பை 3 போர்டில் அந்தப் படிகம்தான் இருக்கிறது. 1424 என்றால் 16 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஆர்டுயினோ வகை போர்டு. டிஷ்ஷைத் திருப்பும் மோட்டாரின் கன்ட்ரோலரை முதலில் சந்தேகியுங்கள். 1425 என்றால் 25 மெகாஹெர்ட்ஸின் 57ஆவது. ஈதர்நெட் சிப்புகளில் சகஜம். ஆர்டிஎல்-எஸ்டிஆரின் சொந்தப் படிகமான 28.8 மெகாஹெர்ட்ஸின் 49ஆவது ஹார்மோனிக் 1411.2இலும் 50ஆவது 1440இலும் விழும். 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பார்க்கும்போது இரண்டும் திரைக்கு வெளியே போய்விடுவது நம் அதிர்ஷ்டம்.

ஊசி மெதுவாக, வெயில் ஏற ஏறச் சில கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் அது மலிவான படிகம். துளியும் நகராவிட்டால் வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட கடிகாரம். போர்டின் மீது ஹேர் டிரையரை 10 விநாடி காட்டினால் அந்த ஊசி மட்டும் நகரும். இதைவிட வேகமான அடையாள அணிவகுப்பு கிடையாது.

நீக்குவது: முடிந்தால் அந்தப் போர்டை அகற்றுங்கள். முடியாதென்றால் தகரப் பெட்டிக்குள் வையுங்கள். பிஸ்கட் டின் நல்ல பெட்டிதான். ஆனால் மூடியும் உடலும் சேரும் விளிம்பில் பெயின்ட் இருந்தால் மின்தொடர்பு இருக்காது. சுரண்டி எடுத்துவிட்டு, செப்பு நாடா ஒட்டுங்கள். 1 சென்டிமீட்டரைவிட நீளமான எந்த இடுக்கும் இந்த அலைவரிசையில் கசியும். யுஎஸ்பி கேபிளில் ஃபெரைட் கிளிப் மாட்டிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்பவர்கள் நிறைய. கடைகளில் கிடைக்கும் '31' என்ற எண்ணுள்ள ஃபெரைட் 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் உருப்படியாக வேலை செய்யும், 1.4 கிகாஹெர்ட்ஸில் அது அலங்காரம். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே அதன் உறையைப் பெட்டியின் உடலோடு இணைப்பதுதான் பலன் தரும்.

அறிகுறி: இரைச்சல் தளம் (திரையின் அடிமட்டக் கோடு) முழுவதும் துடிக்கிறது, சில நேரம் கீழே விழுகிறது

கல்லூரி, அலுவலகம், அடுக்குமாடி என்று எங்கே வைத்தாலும் இதுதான் முதலிடம்.

தளம் மேலே துள்ளினால் கசிவாகவும் இருக்கலாம், ரிசீவரின் குழப்பமாகவும் இருக்கலாம். கீழே விழுந்தால் சந்தேகமே வேண்டாம். 1420இல் நிஜமாக ஒரு சிக்னல் கூடினால் மொத்த வலு குறைய வழியில்லை. வேறு பட்டையில் வரும் வலுவான சிக்னல் எல்என்ஏவைத் திணறடித்து அதன் கெயினைக் குறைக்கிறது என்று பொருள். 0.5 டெசிபல் பள்ளம்கூட நமக்குப் பெரிய நஷ்டம். திரையில் ஹைட்ரஜன் காட்டும் மேடே 1 மீட்டர் டிஷ்ஷில் 1 டெசிபலை ஒட்டித்தான் வரும்.

எண்களைப் பாருங்கள். ரௌட்டர் 100 மில்லிவாட், அதாவது 20 டெசிபல்-மில்லிவாட். 10 மீட்டர் தூரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பாதை இழப்பு 60 டெசிபல். டிஷ் அதை நோக்கியிராவிட்டாலும் ஃபீடுக்கு மைனஸ் 40 வந்து சேர்கிறது. 40 டெசிபல் கெயின் தரும் ஃபில்டர் இல்லாத எல்என்ஏ ஜோடி அதை 0 டெசிபல்-மில்லிவாட்டுக்கு உயர்த்த முயலும். பெரும்பாலான சிறு எல்என்ஏக்கள் அதற்கு முன்பே மூச்சுமுட்டும். மலிவென்று 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கிரிட் டிஷ்ஷை அப்படியே பயன்படுத்துபவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அந்த ஃபீட் செய்யப்பட்டதே வைஃபையைப் பிடிக்க.

துடிப்பின் தாளத்தை அளந்தால் ஆளைப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஜிஎன்யூ ரேடியோ மென்பொருளில் சிக்னலின் வீச்சு வர்க்கத்தை எடுத்து, 2.4 மெகாஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தை 1200ஆல் குறைத்து 2 கிலோஹெர்ட்ஸ் ஆக்கி, அதற்கு ஒரு எஃப்எஃப்டி (எந்தெந்த அலைவரிசைகள் கலந்திருக்கின்றன என்று பிரிக்கும் கணக்கு) போடுங்கள்.

- 9.77 ஹெர்ட்ஸ், அதாவது 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு துடிப்பு: வைஃபை ரௌட்டர் தன் பெயரை அறிவிக்கும் பீக்கன். யாரும் இணையம் பயன்படுத்தாத நள்ளிரவிலும் இது வரும்.
- 50 ஹெர்ட்ஸ்: டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மைக்ரோவேவ் அவன்.
- 100 ஹெர்ட்ஸ்: மின்கம்பியில் பொறி, எல்இடி டிரைவர், டிம்மர்.
- 217 ஹெர்ட்ஸ், அதாவது 4.615 மில்லிவிநாடி: ஜிஎஸ்எம் கைபேசி.
- விநாடிக்கு ஒன்று என்ற அளவில்: மின்வேலி.

எல்டிஇ (4ஜி) கைபேசிக் கோபுரமும் 10 மில்லிவிநாடித் துண்டுகளாகப் பேசுவதால் 100 ஹெர்ட்ஸில் ஒரு குழப்பம் வரும். பிரிப்பது சுலபம். நம் மின்கட்டமைப்பு 49.90க்கும் 50.05க்கும் இடையில் அலைந்துகொண்டே இருக்கிறது. அதனால் மின்சாரத்திலிருந்து வருவது 100இல் நிலைகொள்ளாமல் அசையும். கோபுரத்துடையது ஆணி அடித்தாற்போல நிற்கும்.

இனி நீக்கும் படிகள், செலவு குறைந்ததிலிருந்து:

முதலில் 3 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலின் வலுவைக் குறைக்கும் துண்டு) ஒன்றை எல்என்ஏவுக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். தொல்லை 3 டெசிபல் மட்டும் குறைந்தால் அது 1420இலேயே வரும் கசிவு. 9 டெசிபல் குறைந்தால் ரிசீவருக்குள் பிறக்கும் மூன்றாம் படிக் கலப்பு (வலுவான சிக்னல்கள் தமக்குள் கலந்து உண்டாக்கும் போலிச் சிக்னல்). கசிவு என்றால் எந்த ஃபில்டரும் உதவாது, மூலத்தைத்தான் தேட வேண்டும். கலப்பு என்றால் ஃபில்டர் போதும். அதே அட்டெனுவேட்டரை எல்என்ஏவுக்கும் எஸ்டிஆருக்கும் நடுவில் வைத்துச் சோதித்தால், திணறுவது எல்என்ஏவா எஸ்டிஆரா என்பதும் தெரியும். ஆனால் பயாஸ்-டீ (சிக்னல் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் இணைப்பு) வழியாக எல்என்ஏவுக்கு மின்சாரம் போகிறது என்றால் நடுவில் சாதாரண அட்டெனுவேட்டர் வைக்கக் கூடாது. எல்என்ஏவுக்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்துவிட்டு வையுங்கள்.

அடுத்தது ஃபில்டர். முதல் எல்என்ஏ, பிறகு சா ஃபில்டர் (தேவையான பட்டையை மட்டும் விடும் சிறு சிப்), பிறகு இரண்டாவது எல்என்ஏ என்ற வரிசையில் ஒரே பெட்டியாக வரும் ஹைட்ரஜன்-வரி எல்என்ஏக்கள் பெரும்பாலானவர்களுக்குப் போதும். முதல் எல்என்ஏவே திணறும் இடத்தில் அதற்கும் முன்னால் ஏதாவது வைக்க வேண்டிவரும். அங்கே 1 டெசிபல் இழப்புள்ள ஃபில்டரைப் போட்டால் 75 கெல்வின் இரைச்சல் கூடும். பாதி உழைப்பு அதிலேயே போய்விடும்.

அதற்குக் கைவசம் ஒரு மலிவான மாற்று உண்டு: முனையில் குறுக்கிணைத்த அரை அலைநீள ஸ்டப் (பாதையிலிருந்து கிளையாகப் பிரியும் கேபிள் துண்டு). வைஃபையின் 6ஆம் சேனல் 2437 மெகாஹெர்ட்ஸ். அரை அலைநீளம் 61.5 மி.மீ. ஆர்ஜி-58 கேபிளில் அலையின் வேகம் வெற்றிடத்தில் இருப்பதில் 66 சதவீதம் என்பதால் கேபிள் நீளம் 40.6 மி.மீ. 2437இல் அந்த ஸ்டப் பாதையைக் குறுக்கிணைத்துவிடும். 1420இலோ அது கால் அலைநீளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஏறக்குறைய இல்லாததுபோல இருக்கும். பொருந்தாமையால் வரும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. கவனமாகச் செய்தால் 2.4 பட்டையின் நடுவில் 20 டெசிபலுக்கு மேல் வெட்டும்.

செய்முறை: எஸ்எம்ஏ டீ இணைப்பியின் ஒரு காலில் 60 மி.மீ. ஆர்ஜி-58 துண்டை மாட்டுங்கள். டீயின் உள்நீளமும் கணக்கில் சேரும் என்பதால் 40.6 என்று அளந்து வெட்டினால் தப்பாகும். வலைப்பின்னலையும் நடுக்கம்பியையும் சேர்த்துத் துளைக்கும்படி ஒரு தையல் ஊசியைக் கேபிளின் குறுக்கே குத்துங்கள். அந்த இடத்தில் குறுக்கிணைப்பு ஏற்படும். 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் விஎன்ஏவில் (எந்த அலைவரிசையில் எவ்வளவு இழப்பு என்று வரைந்து காட்டும் கருவி) பள்ளம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பள்ளம் 2437க்குக் கீழே விழுந்தால் ஊசியை டீயின் பக்கம் 1 மி.மீ. நகர்த்துங்கள். சரியான இடம் கிடைத்ததும் அங்கே வெட்டி, வலையை நடுக்கம்பியோடு சாலிடர் செய்யுங்கள். முதலில் வந்த சிறிய நானோவிஎன்ஏ இந்த அளவுக்கு எட்டாது.

ஸ்டப்பை வைக்க வேண்டிய இடம் ஃபீடுக்கும் எல்என்ஏவின் உள்வாயிலுக்கும் நடுவில். எல்என்ஏவுக்குப் பின்னால் வைத்தால் பயாஸ்-டீயின் மின்சாரம் நேரே குறுக்கிணைந்துவிடும்.

கைபேசிக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் ஃபீடையே ஃபில்டராக்கலாம். 160 மி.மீ. விட்டமுள்ள டப்பா ஃபீடின் வெட்டு அலைவரிசை 1098 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளது உள்ளே நுழையத் திணறும். 900 பட்டை, ஆழமான டப்பாவில் 15 டெசிபல் வரை தேயும். ஊசிமுனை ஆன்டெனாவை மூடிய அடிப்பக்கத்திலிருந்து 83 மி.மீ. தள்ளி வையுங்கள். இங்கே வெட்டவெளிக் கால் அலைநீளமான 53 மி.மீ.யைப் போட்டுவிட்டு "பொருந்தவில்லை" என்று புலம்புவது வழக்கம். டப்பாவுக்குள் அலைநீளம் 333 மி.மீ. ஆகிவிடுகிறது. வைஃபைக்கு எதிராக மட்டும் டப்பா உதவாது, அது மேலே உள்ள எல்லாவற்றையும் விடும்.

அறிகுறி: சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வரும் வெடிப்புகள்

மைக்ரோவேவ் அவன். 2.45 கிகாஹெர்ட்ஸில் அது இயங்கும்போது 50 ஹெர்ட்ஸ் தாளத்தில் எல்என்ஏவைத் திணறடிப்பது பரவாயில்லை. தாளத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மோசமானது, 1.4 கிகாஹெர்ட்ஸிலேயே வரும் குறுந்துடிப்பு. ஆஸ்திரேலியாவின் 64 மீட்டர் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் பதிவாகிவந்த "பெரிட்டான்" என்ற துடிப்புகள், தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் வேக ரேடியோ வெடிப்புகளைப் போலவே மேலிருந்து கீழாக அலைவரிசையில் சரிந்தன. எமிலி பெட்ராஃப் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு மூலத்தைச் சொன்னது: நேரம் முடியும் முன்பே யாரோ மைக்ரோவேவ் அவனின் கதவைத் திறந்தால், மேக்னட்ரான் அணையும் அந்த நொடியில் 1.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு வெளியேறுகிறது. 2.3–2.5 கிகாஹெர்ட்ஸைக் கவனிக்கத் தனியாக வைத்த கண்காணிப்புக் கருவி அதே நேரத்தில் துடிப்பைக் காட்டியதுதான் பிடிகொடுத்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கண்காணிப்பு ரிசீவர். டிஷ் வேண்டாம், ஒரு சிறு ஆன்டெனா போதும். ஆனால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் 1.7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது என்பதால் 2.4 பட்டைக்கு வேறு ரிசீவர் தேவை. இரண்டிலும் ஒரே நேரத்தில் வருவது வானம் அல்ல.

அறிகுறி: 100 ஹெர்ட்ஸ் கிரகிரப்பு, மழை பெய்தால் மாறுகிறது

மின்கம்ப இன்சுலேட்டரில் பொறி. வறண்ட நாளில் கூடும், நல்ல மழையில் கழுவப்பட்டுக் குறையும். சில இடங்களில் ஈரத்தில்தான் தொடங்கும். எல்இடி டிரைவர், சோலார் இன்வெர்ட்டர், சார்ஜர் வானிலையைப் பார்ப்பதில்லை, விளக்கு போடும் நேரத்தையும் வெயிலையும் பார்க்கின்றன. 1420இல் இவை பலவீனம்தான். 400 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பார்ப்பவர்களுக்கு இவைதான் முதல் எதிரி. ஊட்டி முத்தோரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. புனேவுக்கு வடக்கே கோடட்டில் உள்ள 30 டிஷ் ரேடியோ தொலைநோக்கியான ஜிஎம்ஆர்டியோ, மின்கம்பிப் பொறிகளைப் பதிவின்போதே வெட்டி எறியும் ஃபில்டரைத் தன் மின்னணுவுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது: எம்சிபியை ஒவ்வொன்றாக இறக்குங்கள், லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டியபடி. எதை இறக்கியதும் அமைதி வருகிறதோ அந்தச் சுற்றில் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுங்கள். மொத்த மெயினையும் இறக்கியபிறகும் இருந்தால் பக்கத்து வீடு அல்லது தெருக்கம்பம். கம்பத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் தயவுசெய்து தொடராதீர்கள்.

அறிகுறி: எவ்வளவு நேரம் சேர்த்தாலும் இரைச்சல் குறையவில்லை

நேரத்தை 4 மடங்காக்கினால் ஏற்ற இறக்கம் பாதியாக வேண்டும். 150 கெல்வின் அமைப்பில் 10 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு 60 விநாடி சேர்த்தால் 0.2 கெல்வின் வரை இறங்கலாம். 1, 4, 16, 64 நிமிடம் என்று சேர்த்து வரைந்து பாருங்கள். ஏதோ ஓரிடத்தில் வளைந்து நின்றுவிட்டால் இரண்டு காரணங்கள். கெயின் அலைகிறது: வெயில்படும் எல்என்ஏவை நிழலில் வையுங்கள். அல்லது கண்ணுக்குத் தெரியாத பலவீனமான குறுக்கீடு சேர்ந்துகொண்டே போகிறது. 10 விநாடித் துண்டுகளாகச் சேமித்து, ஒவ்வொரு சேனலிலும் சராசரிக்குப் பதிலாக மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுங்கள். வந்து போகும் தொல்லை பாதி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்வரை மீடியன் அதைக் கணிசமாக அடக்கும். எப்போதும் நிற்கும் ஊசியை மீடியன் தொடாது. அந்தச் சேனல்களைத் தூக்கிவிட வேண்டியதுதான். ஒரேயொரு பெரிய கோப்பாகச் சராசரி எடுத்துச் சேமித்தவர்களுக்கு இதில் எதுவும் செய்ய முடியாது.

அறிகுறி: மேடு தெரிகிறது, ஆனால் ஹைட்ரஜன்தானா?

ஒரே இடத்தை நோக்கி டிஷ்ஷை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். வானத்து மேடு தினமும் 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக உச்சிக்கு வரும். இரு வாரத்தில் ஏறக்குறைய 55 நிமிடம். அலுவலக நேரத்தைக் கடைப்பிடிக்கும் மேடு அலுவலகத்துடையது. அலைவரிசையிலும் ஒரு சாட்சி உண்டு: பூமி சூரியனைச் சுற்றும் 30 கிலோமீட்டர்/விநாடி வேகம் வரியை ஆண்டு முழுக்க 142 கிலோஹெர்ட்ஸ் வரை இரு பக்கமும் தள்ளும். 1420.406இலேயே சப்பென்று உட்கார்ந்து மாதக்கணக்கில் அசையாத மேட்டை நம்பாதீர்கள்.

வேறு பட்டைகளில் பார்ப்பவர்களுக்கு

408 மெகாஹெர்ட்ஸில் இருப்பவர்களுக்கு 433.92 ரிமோட்டுகளும் வானிலை சென்சார்களும் தொல்லை. விட்டுவிட்டு வருபவை என்பதால் வெட்டி எறிவது எளிது. 865–868 மெகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 4 வாட் வரை உரிமமின்றி அனுப்பலாம்; ஸ்மார்ட் மீட்டர், லோரா, ஆர்எஃப்ஐடி எல்லாம் அங்கேதான். சா ஃபில்டர் இல்லாத 1420 அமைப்பையும் இது திணறடிக்கும்.

6668.5 மெகாஹெர்ட்ஸ் மெத்தனால் வரியின் நிலைமை இடத்துக்கு இடம் மாறுகிறது. அமெரிக்கா 2020இல் 5925–7125 முழுவதையும் வைஃபைக்குத் திறந்தது. 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 143ஆம் சேனலின் மையம் 6665. வரி ஏறக்குறைய அதன் நடுவிலேயே விழுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்றால் 145. உங்கள் கட்டட ரௌட்டரில் இவற்றைத் தவிர்க்கச் சொல்லலாம். ஐரோப்பா 2021இல் 5945–6425 மட்டும் திறந்ததால் அங்கே இந்த வரி தப்பியது. வைஃபை மட்டுமல்ல: 6240–6740 மெகாஹெர்ட்ஸில் பீக்கன் வைத்து இயங்கும் தானியங்கிப் புல்வெட்டிக்கு 2015இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதிவிலக்கு கொடுத்தபோது, தேசிய ரேடியோ வானியல் ஆய்வகம் எதிர்த்தது இதே வரிக்காகத்தான்.

மூலம் தெரிந்துவிட்டது, அது உங்களுடையது இல்லை

ரேடியோ அமைதி மண்டலத்தில் இருப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியகத்தைச் சுற்றி 1958இல் அறிவித்த 13,000 சதுர மைல் மண்டலம், உரிமம் பெற்ற நிலையான டிரான்ஸ்மிட்டர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. வைஃபைக்கு அது பொருந்தாது. தொலைநோக்கியிலிருந்து 10 மைலுக்குள் மட்டும் மேற்கு வர்ஜீனியாவின் மாநிலச் சட்டம் வேலை செய்கிறது.

இந்தியாவில் உரிமம் வேண்டாத கருவிகள், பிறருக்குத் தொல்லை தரக் கூடாது, தமக்குப் பாதுகாப்பும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையில்தான் இயங்குகின்றன. நடைமுறையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதே வேகம். ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் மாற்றச் சொல்லுங்கள், அல்லது சுவரின் மறுபக்கத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். இரைச்சல் தரும் அடாப்டர் என்றால் நல்லதொன்றை வாங்கிக் கொடுத்துவிடுவது உங்கள் ஃபில்டரைவிட மலிவு. திசை கண்டுபிடிக்க லாக்-பீரியாடிக் பிசிபி ஆன்டெனாவைக் கையில் பிடித்து நடக்கலாம். சிக்னல் உச்சமாகும் திசையைவிட, உங்கள் உடம்பு மறைத்து அது காணாமல் போகும் திசை துல்லியம்.

பேச்சு பலிக்காவிட்டால் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. தேதி, இந்திய நேரம், மைய அலைவரிசை, அகலம், 50 ஓம் டெர்மினேட்டருடன் எடுத்த ஒப்பீட்டுப் படம், துடிப்பின் தாளம், திசை, கருவியின் லேபிளில் இருந்தால் இடிஏ எண் (அரசு தரும் ஒப்புதல் எண்). இவை எல்லாம் இல்லாத புகார் நகராது. 1400–1427க்குள் வந்தால் 5.340 குறிப்பை மேற்கோள் காட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸால் உங்கள் எல்என்ஏ திணறுகிறது என்று எழுதிவிடாதீர்கள்; அந்தப் பட்டையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்ப அனுமதி உண்டு, ஸ்டப் போட வேண்டியது நீங்கள்.